பணிவான ஊழியன் என்று கையெழுத்திட்டவர்கள்

பழைய ஆங்கில நூல்களில் திரும்பத் திரும்ப வரும் சில வாசகங்கள் உண்டு. "ஐயா, தங்கள் மிகப் பணிவான, மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியனாக இருக்கும் பெருமையைப் பெற்றிருக்கிறேன்" என்று முடியும் கடிதங்கள். எஜமானர் மாடியில் இருக்கும்போதே "அவர் வீட்டில் இல்லை" என்று வாசலில் சொல்லும் வேலைக்காரர்கள். ஊர்ப் பெயரை மறைத்து அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிடும் நாவலாசிரியர்கள். பாதிக் கதையில் "வாசகரே" என்று நம் பக்கம் திரும்பிப் பேசும் கதைசொல்லிகள். 1749-இல் வந்த 'டாம் ஜோன்ஸ்' நாவலில் ஃபீல்டிங் ஓர் அத்தியாயத்துக்கு "ஐந்து பக்கக் காகிதம் அடங்கியது" என்றே தலைப்பு வைத்தார். இப்படிப்பட்டவற்றைப் படிக்கும்போதெல்லாம் குறித்துவைப்பது என் நெடுநாள் பழக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஒரு நண்பர், "இதெல்லாம் வெறும் சம்பிரதாயம். அந்தக் காலத்தில் எல்லோரும் கை போன போக்கில் எழுதியது. இதில் அர்த்தம் தேடுவது வீண் வேலை" என்றார். நன்றாகப் படித்தவர், பேச்சை அளந்து பேசுபவர். ஆகவே அந்தக் கருத்தை லேசாக ஒதுக்கிவிட முடியவில்லை. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் தொல்லை. இந்த வாசகங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் யோசித்து எழுதவில்லை. நாம் அன்றாடம் எழுதும் விண்ணப்பங்களில் "இங்ஙனம்" என்று போடுவதற்கு எவ்வளவு யோசிக்கிறோம்? ஆனால் எல்லோரும் யோசிக்காமல் போடும் ஒரு வாசகத்தை யாராவது ஒருவர் யோசித்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கும் விடை ஒரு முற்றுப்புள்ளியில் தொடங்குகிறது.

ஒரு முற்றுப்புள்ளி

அகராதி தொகுத்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு 1755 பிப்ரவரி 7 அன்று எழுதிய கடிதத்தை ஆங்கில இலக்கியம் படித்த பலரும் அறிவார்கள். முன்கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1747-இல் தம் அகராதித் திட்டத்தை ஜான்சன் இந்தப் பிரபுவை விளித்து எழுதி அச்சிட்டார். பிரபு அப்போது அரசின் பெரிய செயலர்களில் ஒருவர், நாகரிகத்துக்கும் நயமான பேச்சுக்கும் பேர்போனவர். அதன்பின் அவர் ஜான்சனைக் கண்டுகொள்ளவில்லை. அகராதி அச்சேறி வெளிவரும் தறுவாயில், ஒரு வாரப் பத்திரிகையில் அதைப் புகழ்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார். ஜான்சன் அந்தப் புகழைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் இந்தக் கடிதத்தை முதலில் படித்தது மாணவர்களுக்கான ஓர் உரைநடைத் தொகுப்பில். அதிலேயே அது என்னைப் பிடித்து உலுக்கியது. வெளியறைகளில் காத்திருந்தும் வாசலிலிருந்து விரட்டப்பட்டும் ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன என்கிறார். ஓர் உதவியில்லை, ஓர் ஊக்கச் சொல்லில்லை, ஒரு கனிந்த புன்னகையில்லை என்கிறார். தண்ணீரில் உயிருக்குப் போராடுகிறவனை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரையேறியதும் உதவி என்ற பெயரில் வந்து இடைஞ்சல் செய்கிறவர்தானே, பிரபுவே, புரவலர் என்பவர் என்று கேட்கிறார். பிரபு காட்டிய கவனம் முன்பே வந்திருந்தால் அன்பாக இருந்திருக்கும். தமக்கு ஆர்வம் வற்றி அதை அனுபவிக்க முடியாத வரைக்கும், தனியனாகிப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாத வரைக்கும், பெயர் பெற்று அது தேவைப்படாத வரைக்கும் அது தாமதமாகிவிட்டது என்கிறார். ஜான்சனின் மனைவி இறந்தது 1752-இல். "தனியனாகி" என்பதற்குள் அந்த மரணம் இருக்கிறது. பிரபு ஒருமுறை பத்துப் பவுண்டு கொடுத்திருந்தார் என்பதையும் ஜான்சன் பிற்பாடு ஒரு நண்பரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்படியொரு கடிதத்தில் குறிப்பிடத் தகாத அளவுக்கு அது அற்பத் தொகை என்று விட்டுவிட்டாராம்.

அந்தத் தொகுப்பில் கடிதம் இப்படி முடிந்தது: ஒரு காலத்தில் அவ்வளவு குதூகலத்தோடு பெருமையடித்துக்கொண்ட நம்பிக்கைக் கனவிலிருந்து தாம் விழித்து நெடுநாளாகிவிட்டது என்று ஒரு வாக்கியம். முற்றுப்புள்ளி. கீழே வலப்பக்கம் ஜான்சன் பெயர். கம்பீரமான முடிவு என்றுதான் நினைத்தேன். எதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டார் என்ற சந்தேகம் எழவே இல்லை. கனவு கண்டார், பெருமைப்பட்டார், விழித்தார் என்று மனம் தானே பொருள் கூட்டிக்கொண்டது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்வெல் எழுதிய ஜான்சன் வாழ்க்கை வரலாற்றில் அதே கடிதத்தை முழுமையாகப் பார்த்தேன். அங்கே அந்த இடத்தில் முற்றுப்புள்ளி இல்லை. ஒரு காற்புள்ளி. அதற்கடுத்த வரியில் "என் பிரபுவே". அதற்கடுத்து "தங்கள் மிகப் பணிவான, மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்". அப்புறம்தான் பெயர். தொகுப்பாசிரியர் அந்தக் கடைசி வாசகத்தை வழக்கமான கடித முடிப்பு என்று வெட்டியிருக்கிறார். வெட்டிய இடத்தில் ஒரு புள்ளியும் வைத்திருக்கிறார்.

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அது கடித முடிப்பே அல்ல. அது வாக்கியத்தின் மீதி. "தங்கள் மிகப் பணிவான, மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று ஒரு காலத்தில் நான் அவ்வளவு குதூகலத்தோடு பெருமையடித்துக்கொண்ட அந்த நம்பிக்கைக் கனவிலிருந்து விழித்து நெடுநாளாகிவிட்டது." இதுதான் அவர் சொல்வது. ஆங்கிலத்தில் வினை முன்னே வந்துவிடுவதால் ஊழியன் என்ற சொல் கடைசியில், கையெழுத்து நிற்க வேண்டிய இடத்திலேயே போய் நிற்கிறது. கண்ணுக்கு அது மரியாதை தவறாத கடித முடிப்பு. இலக்கணப்படி பார்த்தால், இனி நான் உன் ஊழியன் அல்லன் என்ற அறிவிப்பு. அந்த நாட்டில் அந்தக் காலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த எவரும் யோசிக்காமல் எழுதும் வாசகத்தை எடுத்து, ஓர் எழுத்தும் மாற்றாமல், அதன் பொருளை அடியோடு திருப்பிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. 1747-இல் அச்சான அந்தத் திட்ட அறிக்கையும் "தங்கள் மிகக் கீழ்ப்படிதலுள்ள, மிகப் பணிவான ஊழியன்" என்றுதான் முடிகிறது. ஒரு காலத்தில் பெருமையடித்துக்கொண்டேன் என்று ஜான்சன் சொல்வது மிகைப்பேச்சு அல்ல. ஊரறிய அச்சிட்ட தம் கையெழுத்தையே சுட்டுகிறார். முதல் கையெழுத்தை இரண்டாவது கையெழுத்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. வெட்டிய பதிப்பைப் படிக்கும் மாணவனுக்கு இதில் எதுவும் போய்ச்சேராது. அவனுக்குக் கோபம் தெரியும், கோபத்தின் வேலைப்பாடு தெரியாது.

செஸ்டர்ஃபீல்டுக்குத் தெரிந்திருக்கிறது. கடிதம் அவர் மேசைமேல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது என்றும், அதைத் தமக்கே வாசித்துக் காட்டி, "இந்த மனிதருக்குப் பெரும் ஆற்றல் இருக்கிறது" என்று சொல்லி, கடுமையான இடங்களைச் சுட்டி அவை எவ்வளவு நன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்று வியந்தார் என்றும் புத்தக வியாபாரி டாட்ஸ்லி சொன்னதை பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். அது நடிப்பு என்று ஜான்சனின் ஆட்கள் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரியாதை வாசகங்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். அந்தக் கடைசி வரியின் அருமையை அவரைவிட நன்றாக ரசித்திருக்கக் கூடியவர் லண்டனில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகு எந்தப் பழைய நூலை எடுத்தாலும் கடிதம் வந்தால் முதலில் அதன் அடியைப் பார்க்கிறேன். அமெரிக்காவில் 1804 ஜூன் மாதம் அரசியல் எதிரிகளான ஏரன் பரும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதில் போய் முடிந்த கடிதங்களை எழுதிக்கொண்டபோது, இருவருமே "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்றுதான் கையெழுத்திட்டார்கள். ஜூலை 11 அன்று சண்டை நடந்தது, மறுநாள் ஹாமில்டன் இறந்தார். அங்கே அந்த வாசகம் இருவரையும் சமநிலையில் நிறுத்தி, சூடு ஏறாமல் பேசவைத்து, நேராகத் துப்பாக்கி முனைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஜேன் ஆஸ்டினோ கடித முடிப்பை வைத்தே ஆளை எடைபோடுவார். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் தம் முதல் கடிதத்தை "தங்கள் மனைவிக்கும் மகள்களுக்கும் மரியாதையான வணக்கங்களுடன், தங்கள் நலம்விரும்பியும் நண்பனுமான" என்று நீட்டி முழக்கி முடிக்கிறார். அவர் அந்தக் குடும்பத்தை அதுவரை கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அந்தக் குடும்பத்து மகள் எலிசபெத் தன்னை மணக்க மறுத்ததற்கு மறுநாள் டார்சி நீண்ட கடிதம் ஒன்று தருகிறான். அதில் ஊழியன் இல்லை, வணக்கம் இல்லை. "இன்னும் ஒன்றே ஒன்று: கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்று எழுதிப் பெயர் போட்டுவிடுகிறான். கதையின் முடிவில் அந்தக் கடிதத்தின் கசப்புக்காக அவன் வருந்தும்போது எலிசபெத் சொல்லும் சமாதானமும் அந்த விடைபெறும் வரியைப் பற்றியதுதான். அது கருணையே உருவானது என்கிறாள். கதாபாத்திரங்களே கடைசி வரியைத் தனியாக எடுத்துப் படிக்கும்போது நாம் படிக்க வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

மூன்று முறை மேன்மை

ஆஸ்டினே அப்படியொரு வாசகத்தின் கீழ் நிற்க நேர்ந்தது. 1815 நவம்பரில், மன்னருக்குப் பதிலாக நாட்டை ஆண்ட இளவரச ஆட்சியாளரின் நூலகர் அவரை அரண்மனை நூலகத்துக்கு அழைத்துச் சுற்றிக் காட்டி, அடுத்த நாவலை இளவரசருக்குக் காணிக்கையாக்கத் தடையில்லை என்று தெரிவித்தார். அப்படிச் செய்தாக வேண்டியது தம் கடமையா என்று ஆஸ்டின் எழுதிக் கேட்டார். கட்டாயமில்லை, விரும்பினால் அனுமதி உண்டு என்று பதில் வந்தது. பதிலின் தொனியைப் புரிந்துகொள்ள அவர் யாரிடமும் யோசனை கேட்டிருக்கத் தேவையில்லை. இந்த இளவரசரைப் பற்றி ஆஸ்டின் என்ன நினைத்தார் என்பது நமக்குத் தெரியும். 1813 பிப்ரவரியில் தோழி மார்த்தா லாயிடுக்கு எழுதிய கடிதத்தில், இளவரசரின் மனைவியை முடிந்தவரை ஆதரிப்பேன் என்றும், அவள் ஒரு பெண் என்பதாலும் அவளுடைய கணவரை வெறுப்பதாலும் அப்படிச் செய்வேன் என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த நாவல்தான் 'எம்மா'. அதன் காணிக்கைப் பக்கம் இப்படிப் போகிறது: மேன்மை தங்கிய இளவரச ஆட்சியாளருக்கு, மேன்மை தங்கியவரின் அனுமதியுடன், மேன்மை தங்கியவரின் கடமை தவறாத, கீழ்ப்படிதலுள்ள, பணிவான ஊழியரான நூலாசிரியரால், இந்நூல் மிகுந்த மரியாதையுடன் காணிக்கையாக்கப்படுகிறது. ஒரே வாக்கியத்தில் மூன்று மேன்மை. இதைக் குத்தல் என்று படிக்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். காணிக்கை வாசகங்களின் அமைப்பே அப்போது அதுதான். என்னை நிறுத்துவது கடைசிச் சொல். பணிவான ஊழியர் யார்? "நூலாசிரியர்." பெயர் இல்லை. ஆஸ்டின் உயிரோடு இருந்தவரை அவருடைய நாவல்களின் தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் அச்சாகவில்லை. அந்த வழக்கம் இங்கே அவருக்குக் கைகொடுத்திருக்கிறது. தாம் வெறுத்த ஒரு மனிதருக்குக் கீழ்ப்படிவதாக எழுத வேண்டி வந்த இடத்தில், ஜேன் ஆஸ்டின் என்ற பெண் கையெழுத்துப் போடவே இல்லை. சட்டப்படி எல்லா மரியாதையும் செலுத்தப்பட்டுவிட்டது.

இதை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் வாதாடவில்லை. அந்த வாசகம் அவருக்கு ஒதுங்கி நிற்க ஓர் இடம் கொடுத்தது என்பதுதான் நான் சொல்வது. நெஞ்சில் இல்லாத மரியாதையை நெஞ்சில் இருப்பதாகப் புதுச் சொற்களில் எழுத வேண்டியிருந்தால், அதுதான் பொய்யாகியிருக்கும்.

குறுக்கே எழுதிய கடிதம்

எம்மாவை எடுத்த கையோடு அதில் வரும் இன்னொரு வாசகத்தையும் சொல்லிவிட வேண்டும். இது மரியாதை வாசகம் அல்ல, வீட்டுப் பேச்சு. ஏழை முதிர்கன்னி மிஸ் பேட்ஸ், வயதான தாயுடன் மாடிப் பகுதி ஒன்றில் குடியிருப்பவள், தங்கை மகள் ஜேனிடமிருந்து வந்த கடிதத்தை எம்மாவிடம் காட்டத் தவிக்கிறாள். கடிதம் எங்கே என்று தேடுகிறாள். தையல் பையை அதன்மேல் வைத்திருக்கிறாள். கையில் எடுத்தவுடன் முதலில் மன்னிப்புக் கேட்கிறாள். ஜேன் இவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டாள், இரண்டே பக்கம், அதுகூட முழுசாக இல்லை. வழக்கமாகத் தாள் முழுக்க நிரப்பிவிட்டு அதன் பாதிக்குக் குறுக்கேயும் எழுதுவாள் என்கிறாள்.

குறுக்கே எழுதுவது என்றால் என்ன? தாளை மேலிருந்து கீழ் வரை எழுதி முடித்தபின் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே அவற்றை வெட்டிக்கொண்டு போகும்படி மறுபடி எழுதுவது. சதுரங்கக் கட்டம் போல ஆகிவிடும். இந்தக் கட்டத்தை எப்படித்தான் கூட்டி வாசிக்கப் போகிறாயோ என்று தன் தாய் ஒவ்வொரு முறையும் அதிசயிப்பாள் என்று மிஸ் பேட்ஸே சொல்கிறாள். ஏன் இந்தப் பாடு? அன்றைய இங்கிலாந்தில் அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 1812 கட்டணப்படி, பதினைந்து மைலுக்குள் போகும் ஒற்றைத் தாளுக்கே 4 பென்ஸ். தூரம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும். இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு என்பதால், கடிதத்தாளையே மடித்து அரக்கு வைத்து அதன் வெளிப்புறத்தில் முகவரி எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காசு கொடுப்பவர் பெரும்பாலும் எழுதியவர் அல்லர், பெறுபவர். அதாவது மிஸ் பேட்ஸ்.

இப்போது அந்த மன்னிப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கைக்கும் வாய்க்குமாக வாழும் ஒரு பெண் கடிதத்துக்குக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள். எழுதுகிற பெண்ணுக்கு அது தெரியும். அதனால்தான் அவள் தாளில் ஓர் அங்குலமும் வீணாக்காமல் நிரப்பி, பிறகு திருப்பிப் போட்டும் நிரப்புவாள். இடித்து நெருக்கி எழுதிய அந்த வரிகளில் இருக்கும் அன்பை ஜேன் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த முறை இரண்டு பக்கம்கூட நிரம்பவில்லை. ஜேன் மறைக்க ஏதோ வைத்திருக்கிறாள் என்பதற்கு நாவலில் வரும் முதல் தடயம் அதுதான் என்பது என் வாசிப்பு. கெட்டிக்காரி எம்மா அதைக் கவனிக்கவில்லை. சாரம் முழுவதையும் கேட்டுத் தொலைத்தாலும் கடிதம் வாசிக்கப்படுவதிலிருந்தாவது தப்பித்தோமே என்ற மகிழ்ச்சியில் வீதிக்கு வந்துவிடுகிறாள். மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பு ஒன்றில் இந்தப் பேச்சு முழுவதும் "ஜேன் இம்முறை சிறிய கடிதம் எழுதியிருக்கிறாள்" என்ற ஒரே வரியாகிவிட்டதைப் பார்த்தேன். கதைக்குத் தேவையான தகவல் அதில் இருக்கிறது. அந்தத் தாளின் விலை இல்லை, விலையோடு சேர்ந்து மிஸ் பேட்ஸும் போய்விட்டாள்.

இந்தக் கட்டண முறையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர்கள் கையெழுத்திட்டு அனுப்பினால் கட்டணம் கிடையாது. ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலில், அண்ணனுக்குக் கடிதம் எழுத ஏங்கி அழும் பத்து வயது ஃபேனியிடம், உன் பெரியப்பா கையெழுத்துப் போட்டு அனுப்புவார், வில்லியமுக்கு ஒரு காசும் செலவிருக்காது என்று எட்மண்ட் சொல்கிறான். அந்தக் குழந்தையின் தயக்கத்தில் பாதி அந்தச் செலவைப் பற்றியது என்பதை அவன் ஒருவன்தான் புரிந்துகொள்கிறான். 1840-இல் ரோலண்ட் ஹில்லின் அஞ்சல் சீர்திருத்தம் வந்து, அரை அவுன்ஸ் வரை நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னி, அதையும் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிடலாம் என்று ஆனது. குறுக்கெழுத்துக்கு இருந்த காரணம் அதோடு போய்விட்டது. பழக்கம் போகவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1890-இல், லூயிஸ் கரோல் கடிதம் எழுதுவது பற்றி வெளியிட்ட சிறு நூலில், தாள் நிரம்பினால் இன்னொரு தாள் எடுங்கள், குறுக்கே எழுதாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

வீட்டில் இல்லை

மறுபடி ஜான்சனிடம் வருகிறேன், சுருக்கமாக. பார்க்க வந்தவரைச் சந்திக்க விருப்பமில்லை என்றால் "வீட்டில் இல்லை" என்று வேலைக்காரரைச் சொல்லவைப்பது அந்தச் சமூகத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாத வழக்கம். வந்தவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். பெயர்ச் சீட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். வாசகங்களை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட ஜான்சன் இந்த ஒரு வாசகத்தைத் தம் வீட்டில் அனுமதிக்கவில்லை. ஒரு தத்துவவாதிக்கு அது வெறும் மறுப்பு வடிவம் என்று தெரிந்திருக்கலாம், ஆனால் அவ்வளவு நுணுக்கமாகப் பகுத்துப் பார்க்கும் வேலைக்காரர்கள் குறைவு. எனக்காக ஒரு பொய் சொல்ல அவனைப் பழக்கினால், தனக்காக அவன் பல பொய்கள் சொல்வான் என்று நான் அஞ்ச வேண்டாமா என்று அவர் கேட்டதை பாஸ்வெல் எழுதியிருக்கிறார்.

ஜான்சன் வேலைக்காரரைக் குறைத்துப் பேசுகிறார் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் நண்பரின் கட்சிக்கு இது நேரான மறுமொழி என்று நினைக்கிறேன். சம்பிரதாய வாசகங்களுக்குப் பொருளில்லை என்று நினைத்திருந்தால் ஜான்சன் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கவே மாட்டார். கடிதத்தின் அடியில் ஊழியன் என்று எழுதுகிறவர் அதைத் தம் கையால், தம் பெயரோடு சேர்த்து எழுதுகிறார். வேண்டுமானால் அதைத் திருப்பவும் அவருக்கு முடியும். வாசலில் நிற்பவர் இன்னொருவருடைய வாசகத்தைச் சொல்கிறார். திருப்ப அவருக்கு வழியில்லை. இந்த வேறுபாட்டை ஜான்சன் உணர்ந்திருந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் ஒரு பிரபுவின் வாசலில் நின்று, இப்படிப்பட்ட மறுமொழிகளைக் கேட்டுத் திரும்பிய மனிதர் அல்லவா?

சென்னைத் துறைமுகக் கழகத்திலிருந்து

இந்த வாசகங்கள் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தன. "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்று நாம் விடுப்பு விண்ணப்பத்தில் எழுதியது அலுவலக ஆங்கிலத்தின் நேர் வாரிசு. அந்த ஆங்கிலத்தில் நம்மவர் ஒருவர் எழுதிய கடிதங்களை வைத்து இதை முடிக்க விரும்புகிறேன், ஏனென்றால் ஜான்சன் செய்ததற்கு நிகரான ஒன்று அதில் வேறு விதமாக நடக்கிறது.

1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலைக்கு ராமானுஜன் விண்ணப்பித்தார். தங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பணியிடம் காலி என அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்க இறைஞ்சுகிறேன் என்று தொடங்குகிறார். அதைத் தமக்கு வழங்க இறைஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிக்கிறார். இறைஞ்சுவது இரண்டு முறை. நடுவில், தம் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டு அத்துறையை வளர்த்து வருவதாக ஒரு வரி. எழுத்தர் வேலைக்கான மனுவில் அது எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

வேலை கிடைத்தது. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அதுவும் அதே வாசகத்தில்தான் தொடங்குகிறது. சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டுமே சம்பளம் வாங்கும் ஓர் எழுத்தராக என்னைத் தங்களுக்கு அறிமுகம் செய்துகொள்ள இறைஞ்சுகிறேன். வேலைக்கு மனுப் போட்ட அதே கை, அதே அலுவலக நடை. இந்தப் பணிவுக்கு நேர் கீழே, வழக்கமான பல்கலைக்கழகப் பாதையில் தாம் நடக்கவில்லை, தமக்கென ஒரு புதுப் பாதையை வெட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். தம் முடிவுகளை உள்ளூர்க் கணித அறிஞர்கள் "திடுக்கிடவைப்பவை" என்கிறார்கள் என்று மேற்கோள் குறிக்குள் போட்டுச் சொல்கிறார். தொல்லை கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டு முடிக்கிறார். எழுத்தரின் வாசகம் இல்லாமல் இந்தப் பேச்சை ஓர் ஆங்கிலேயக் கணித அறிஞரிடம் எடுத்த எடுப்பில் பேசியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. கதவைத் தட்டுவதற்கு அந்த நாகரிகம் ஏற்றுக்கொண்ட முறை அது ஒன்றுதான். அதை அவர் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார்.

ஹார்டி பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். கடிதமும் தேற்றங்களும் தமக்கு மிகுந்த ஆர்வமூட்டின என்றார், நிரூபணங்களைக் கேட்டார். பிப்ரவரி 27 அன்று ராமானுஜன் மறுபடி எழுதுகிறார். தங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மனநிறைவு கொண்டேன் என்று அலுவலக நடையில்தான் அதையும் தொடங்குகிறார். என் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பரைத் தங்களிடம் கண்டுகொண்டேன் என்கிறார். நண்பர் என்று ஒருமுறை எழுதிவிட்டபின், அந்தப் பழைய நடை சட்டென்று நின்றுவிடுகிறது. நான் ஏற்கெனவே பாதிப் பட்டினி கிடப்பவன். என் மூளையைக் காப்பாற்ற எனக்கு உணவு வேண்டும், இப்போது என் முதல் கவலை அதுதான். இங்கே இறைஞ்சல் இல்லை, பணிவான ஊழியன் இல்லை. பல்கலைக்கழகத்திடமிருந்தோ அரசிடமிருந்தோ ஓர் உதவித்தொகை பெற, பரிவான ஒரு கடிதம் தமக்கு இங்கே உதவும் என்று நேராகக் கேட்கிறார்.

அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கியது.